லைட்டு லைன், மோட்டார் லைன்: மும்முனை மின்சாரத்தின் வரலாற்றை முன்வைத்து

எங்கள் பக்கத்தில், அதாவது பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் நடுவிலிருக்கிற கிணற்றுப் பாசன நாட்டில், தலைக்கு மேலே போகிற கம்பிகளுக்கு இரண்டே பெயர்தான் உண்டு. ஒன்று லைட்டு லைன், மற்றது மோட்டார் லைன். மின்வாரியத்துப் பதிவேடுகளில் இந்தப் பெயர்கள் கிடையாது. அங்கே ஒருமுனை, மும்முனை என்று எழுதியிருக்கும். ஜனங்கள் வைத்த பெயரில்தான் வரலாறு இருக்கிறது. யாருக்கு விளக்கு, யாருக்கு மோட்டார் என்கிற பங்கீட்டை அந்தப் பெயர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகின்றன. தமிழ்நாட்டில் மின்சாரத்தின் கதை பெரும்பாலும் வெளிச்சத்தின் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இருண்ட கிராமம், எரிகிற பல்பு, வந்துவிட்ட முன்னேற்றம் என்கிற இந்தப் பெருங்கதையாடலை மோட்டாரின் பக்கமிருந்து வாசித்தால் என்ன தெரியவரும் என்று பார்க்கலாம்.

இப்படி யோசிக்க வைத்தது ஒரு மாவு மில். என் அத்தை மகன் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினைந்து வருஷம் உழைத்துச் சேர்த்த காசில், காலனியில் தன் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, ஏழரை எச்.பி. மோட்டாரில் மாவு மில் ஓட்டலாம் என்று திட்டம் வைத்திருந்தான். வீட்டு சர்வீஸ் ஒருமுனை. அதை மும்முனையாக மாற்றித் தரும்படி மனு எழுதிக் கொடுத்தேன் (எம்.ஏ. தமிழ் படித்ததனால் சொந்தபந்தத்துக்கு ஆன உபயோகம் இந்த மனு எழுதும் வேலை மட்டும்தான்). பார்வையிட வந்த லைன்மேன் வண்டியை விட்டு இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். “தம்பி, உங்க தெருவுக்கு வந்திருக்கறதே லைட்டு லைனு. ஒரு பேஸு, ஒரு நியூட்ரலு, அப்புறம் தெருவிளக்குக் கம்பி. இதுல எங்கிருந்து த்ரீ பேஸ் குடுக்கறது?” அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஊர்த் தெருவில் மூன்று பேஸும் ஓடுகின்றன. ஊர் முடிந்து காலனி துவங்கும் கம்பத்தில் இரண்டு பேஸ் நின்றுவிடுகிறது, ஒன்று மட்டும் மேற்கொண்டு வருகிறது. அதிகாரம் எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்க நாம் ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. லைன்மேனைக் கூப்பிட்டாலே போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

அந்தக் கம்பத்தில் இரண்டு கம்பிகள் நின்றது எப்போது, ஏன் என்பதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாறுமின்னோட்டம் ஒரே கம்பியில் வரும்போது அது முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. பல்பு எரிய இந்த ஊசலாட்டமே போதும். மோட்டாருக்குப் போதாது. உள்ளே உண்டாகிற காந்தப்புலம் சுழலாமல் இருந்த இடத்திலேயே குதிப்பதால் மோட்டார் உறுமும், ஓடாது. கையால் சுண்டிவிட்டால் சுண்டிய பக்கம் ஓடும். நம் வீட்டு ஃபேனுக்குள் ஒரு சின்ன கண்டென்சரை வைத்திருப்பது அந்தச் சுண்டலுக்காகத்தான். ஒரே அளவுள்ள மூன்று மின்னோட்டங்களை, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் மூன்றிலொரு பங்கு தள்ளி அனுப்பினால் காந்தப்புலம் தானாகவே சுழல்கிறது. மோட்டார் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடுகிறது. மூன்றும் சமமாக இருக்கும்போது அவற்றின் கூட்டுத்தொகை எந்தக் கணத்திலும் பூஜ்யம் என்பதால் திரும்பி வரத் தனிக் கம்பியும் வேண்டியதில்லை. குறைந்த கம்பியில் நிறைய சக்தியைத் தூரத்துக்குக் கொண்டுபோக இதைவிட மலிவான வழி அப்போது கிடைக்கவில்லை. ஆக, மும்முனை மின்சாரம் பிறவியிலேயே மோட்டாருக்கானது. விளக்கு அதிலிருந்து ஓர் இழையைப் பிரித்து எடுத்துக்கொள்கிற உபரி.

1891இல் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்கு, 175 கிலோமீட்டர் தள்ளி லாஃபன் என்ற ஊரிலிருந்த நீர்மின் நிலையத்திலிருந்து மூன்று கம்பிகளில் மின்சாரம் வந்தது. டோலிவோ டோப்ரவோல்ஸ்கி என்ற ருஷ்யப் பொறியாளர் அதில் முக்கியமானவர். கண்காட்சியில் அது ஆயிரம் விளக்குகளை எரித்தது. கூடவே ஒரு மோட்டாரை ஓட்டியது. அந்த மோட்டார் பம்பை ஓட்ட, பம்பு இறைத்த தண்ணீர் செயற்கை அருவியாக விழுந்தது. நெடுந்தூரம் வந்த முதல் மும்முனை மின்சாரம் செய்த வேலைகளில் ஒன்று தண்ணீர் இறைப்பது என்பதை எங்கள் நாட்டுக்காரர்கள் யாரும் ஆச்சரியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்தே வருஷத்தில் அது காவிரிக்கு வந்துவிட்டது. 1902இல் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. அன்றைக்கு ஆசியாவிலேயே பெரிய சாதனை. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். காவிரியின் மின்சாரம் முதலில் போனது பிரிட்டிஷ் கம்பெனியின் சுரங்க யந்திரங்களுக்கு. அந்தச் சுரங்கத்தின் அடியாழத்தில் பாறை உடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் போன தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். தமிழ்த் தொழிலாளிக்கு மின்சாரத்தோடு ஏற்பட்ட முதல் பெரிய உறவு விளக்கின் வழியாக ஏற்படவில்லை. அவனைக் குழிக்குள் இறக்கி, அவன் வெட்டியதை மேலே ஏற்றுகிற யந்திரங்களின் வழியாக ஏற்பட்டது.

கோவையிலும் இதே வரிசைதான். நீலகிரியில் 1929இல் துவங்கிய பைகாரா மின்திட்டம் 1932இல் உற்பத்திக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தம் ஊரெல்லாம் தொழிலை முடக்கிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் மளமளவென்று முளைத்தன. கரிசல் பருத்தி, விவசாயிகளிடம் சேர்ந்திருந்த பணம், மந்தத்தில் மலிந்த கூலி என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டது பைகாரா. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார்கள் என்பது கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. அதே 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957இல் மின்வாரியம் உருவானது. அதற்குப் பின்னால் கம்பிகள் ஆலையை விட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பின.

இனிமேல் சொல்வது எங்கள் வீட்டுக் கதையும்கூட.

மோட்டாருக்கு முன்னால் கிணற்றில் கவலை இறைத்தார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய சால் மேலே வரும். இரும்புச் சாலின் அடியில் தோலால் தைத்த வால் ஒன்று இருக்கும். தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவது அந்த வால்தான். தோல் கிழிந்துவிட்டால் தோட்டம் காயும். அதைத் தைத்துக் கொடுப்பது, கவலை ஓட்டுவது, மடை மாற்றுவது எல்லாம் எங்கள் ஆட்களின் வேலை. களத்தில் தானியமாகக் கூலி. என் தாத்தா வால் தைத்தவர். 1960களில் வரிசையாகத் தோட்டங்களுக்கு மோட்டார் லைன் வந்தபோது அந்த வேலை ஒவ்வொரு கிணறாகக் காலியானது. கோவைப் பகுதியில் இந்த உறவு கட்டப்பட்டிருந்த விதத்தையும் அது முறிந்த விதத்தையும் ஸ்வீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் குன்னெல் செடர்லோஃப் 1997இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். தாத்தா அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுவார்: “மோட்டார் வந்துச்சு, சாலு போச்சு, களத்துல நமக்குன்னு இருந்த மூட்டையும் போச்சு.” இதைக் கேட்டுவிட்டுப் பழைய காலத்துக்காக யாரும் ஏங்க வேண்டாம். அந்த மூட்டையோடு பண்ணையடிமைத்தனமும் சேர்ந்துதான் கட்டியிருந்தது. அது போனதற்காக மோட்டாருக்கு நன்றி சொல்ல நான் தயார். எங்கள் அப்பா தலைமுறை கவலை மாட்டுக்குப் பின்னால் போகாமல் திருப்பூர் பஸ்ஸில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். என் கேள்வி வேறு. வேலையை எடுத்துக்கொண்டு போன யந்திரம் வேலை போனவனிடம் ஏன் வந்து சேரவில்லை?

இதற்கு அரசு ஆவணத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1997 வரை இந்தியாவில் ‘மின்மயமான கிராமம்’ என்பதற்கு வைத்திருந்த இலக்கணம் இது: கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் அந்தக் கிராமம் மின்மயமானதாகக் கணக்கு. வருவாய் எல்லை என்பது பட்டா நிலங்களின் எல்லை. ஒரே ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஒரே ஒரு மோட்டார் ஓடினால் போதும், தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியாவிட்டாலும் கிராமம் இருளிலிருந்து மீண்டுவிட்டது. 1997இல்தான் மக்கள் குடியிருக்கும் பகுதியில் மின்சாரம் இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். பத்திலொரு வீட்டுக்காவது இணைப்பு வேண்டும் என்பதும், தலித் குடியிருப்புகளையும் கணக்கில் பார்க்க வேண்டும் என்பதும் 2004இல்தான் சேர்ந்தன. இலக்கணம் கற்றவன் என்ற முறையில் இதைவிட வெளிப்படையான ஆகுபெயரை நான் பார்த்ததில்லை. கிராமம் என்ற சொல் நிலத்தைக் குறித்தது. நிலம் நிலவுடைமையாளரைக் குறித்தது.

வேறு மாதிரியும் யோசித்திருக்க முடியும், யோசித்தவர் இருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் டில்லியில் மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசும்போது, மின்சாரம் தனியார் கையில் இருப்பதா அரசின் கையில் இருப்பதா என்பதை முதன்மையான கேள்வியாக அவர் வைத்தார். மலிவான, தட்டில்லாத மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்நாட்டு மக்களுக்கு வறுமையிலிருந்து விடுதலை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பேசியது விளக்கைப் பற்றியல்ல என்பது முக்கியம். நிலமில்லாதவனை நிலத்தின் பிடியிலிருந்து வெளியே கொண்டுவரும் உற்பத்திச் சக்தியாக மின்சாரத்தைப் பார்த்தார். நடந்தது நேர்மாறு. நம் கிராமங்களில் மின்சாரம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. கிணறு இருக்கிறவனுக்கு மோட்டார், நிலம் இருக்கிறவனுக்குக் கிணறு.

இந்த இடத்தில் விவசாயிகளின் போராட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த பம்புசெட் கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியில் ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தார்கள். ஒரு பைசா குறைந்தது. 1972இல் கோவை நகரத்துச் சாலைகளைக் கட்டைவண்டிகளால் அடைத்த போராட்டம், ஜூலை 5இல் பல இடங்களில் துப்பாக்கிச்சூடு, பதினைந்து சாவு. நாராயணசாமி நாயுடுவின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது இந்த வருஷங்களில்தான். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. 2003இல் அதைப் பறிக்கப் பார்த்த அரசு 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றதும் திருப்பிக் கொடுத்தது. இலவச மின்சாரம் ஓட்டுக்கு வீசிய எலும்புத்துண்டு என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அதன் அடியில் ரத்தம் இருக்கிறது. பெருமாநல்லூர் வழியே போகும்போது அந்த நினைவுத்தூணுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன்.

நின்றபோது தோன்றியதையும் சொல்லிவிட வேண்டும். ‘உழவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் கட்டமைக்கப்பட்ட அந்தப் போராட்டத்தின் உள்ளே, உழுதவர் எல்லோரும் இல்லை. மின் கட்டணம் என்கிற பிரச்சினையே மீட்டர் இருப்பவனின் பிரச்சினை. தோட்டத்துக்காரரின் வண்டிகளைக் கோவைக்கு ஓட்டிப் போனவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள் என்று தாத்தா சொல்லுவார். அவர்களுக்கு அந்த ஒரு பைசாவில் என்ன பங்கு என்று அப்போது யாரும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. சொந்தக்காரர்களுக்குள்ளும் சமத்துவம் நிலைக்கவில்லை. கட்டணம் இல்லாத மின்சாரத்தில் மூன்று எச்.பி. ஐந்தானது, ஐந்து ஏழரையும் பத்துமானது. கிணறு வற்ற ஆழ்துளை, அதற்குள் நீர்மூழ்கி மோட்டார். ஆழம் போட முடிந்தவன் குடித்தான், முடியாத சின்ன விவசாயியின் கிணறு காய்ந்து, அவனும் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் திருப்பூருக்கு வந்தான். மின்சாரம் இலவசமான பிறகு தண்ணீருக்கு விலை வந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மின்சாரம் போதாமல் போனபோது வாரியம் கண்டுபிடித்த முறை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் மூன்று பேஸும் வரும், பகலில் இவ்வளவு, ராத்திரியில் இவ்வளவு என்று. மற்ற நேரத்தில் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேஸில் வீட்டு விளக்கு எரியும், தோட்டத்து மோட்டார் ஓடாது. ஒரே லைனில் குடியிருப்பையும் வயலையும் பிரிக்கிற தந்திரம். தோட்டத்துக்காரர்கள் பதிலுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கண்டென்சர் பெட்டி ஒன்றை மாட்டி, இருக்கிற இரண்டிலிருந்தே மூன்றாவதைப் போலியாக உண்டாக்கி மோட்டாரை ஓட்டினார்கள். போலி பேஸில் ஓடுகிற மோட்டார் அளவுக்கு மேலே கரண்டை இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் திணறும். லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் விழும். எங்கள் ஊரில் கடைக்கோடி என்பது காலனி. நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில் குண்டு பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். “தோட்டத்துல கண்டென்சர் போட்டுட்டாங்கடா, படு, விடியக்காலம் எந்திரிச்சுப் படி” என்பாள் அம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு மூன்று பேஸும் வரும்போது அந்த மோட்டாரைப் போட டார்ச்சோடு வரப்பில் நடந்து போவதும் எங்கள் தெரு ஆளாகத்தான் இருக்கும். பாம்பு கடித்துச் செத்தவர் உண்டு.

எங்களுக்குக் கிடைத்த மின்சாரத்தின் பெயர் திட்டம். எம்.ஜி.ஆர். காலத்துக் குடிசைக்கு ஒரு விளக்கு, மத்திய அரசு 1988-89இல் துவக்கிய குடிர் ஜோதி. மீட்டர் இல்லை, கட்டணம் இல்லை, ஒரே ஒரு பல்பு. அதைக் குறைத்துப் பேசவில்லை. சிம்னி விளக்கின் புகையிலிருந்து கண்ணை மீட்டது அந்த பல்பு. ஆனால் உரிமையாக வந்த மின்சாரம் எச்.பி. கணக்கில் வளர்ந்துகொண்டே போக, நலத்திட்டமாக வந்த மின்சாரம் வாட் கணக்கில் நின்றுகொண்டிருந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பல்புக்குத் தேவை இரண்டு கம்பி. எனவே இரண்டு கம்பி இழுத்தார்கள். ஊர்க் கோடியின் அந்தக் கம்பத்தில் மற்ற இரண்டு பேஸும் நின்றுபோனது இப்படித்தான். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த வீடுகளில் எந்தக் காலத்திலும் ஒரு மோட்டார் ஓடக்கூடும் என்று எஸ்டிமேட் போட்டவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு 2006இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது, 2011இல் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் வந்தன. எல்லாவற்றையும் அந்த இரண்டு கம்பிகளே சுமந்தன.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன்காரர்கள் இந்த மின்சாரத்தை டிரேஷ்ட்ரோம் என்கிறார்கள், சுழலும் மின்சாரம் என்று அர்த்தம். அதன் காரியத்தை வைத்து வந்த பெயர். நாம் ‘முனை’ என்றோம். தமிழில் முனை என்றால் நுனி, எல்லை, போர் நடக்கும் இடம். 1953இல் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டமும் தேர்தல்தோறும் வருகிற மும்முனைப் போட்டியும் நமக்குப் பழகிய பிரயோகங்கள். அறிவியலாக இந்தச் சொல் பிழையானது என்று சொல்லலாம், கட்டம் என்பதே பொருத்தம் என்று கலைச்சொல்லாக்கக்காரர்கள் வாதாடலாம். எனக்கென்னவோ இந்தப் பிழை பிடித்திருக்கிறது. கம்பி எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் தமிழ் கவனித்திருக்கிறது.

இன்றைக்கு நகரத்தில் மும்முனைக்கு மாறுவது ஒரு சாதாரண வீட்டுக் காரியம். தமிழ்நாட்டு விதிப்படி மின்பளு 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்பு வாங்க வேண்டும். இரண்டு ஏ.சி., ஒரு கீசர் வைத்தாலே தாண்டிவிடும். கம்பத்தில் மூன்று பேஸும் ஏற்கெனவே ஓடுவதால், மனு போட்டு, கட்டணம் கட்டி, மீட்டரை மாற்றினால் முடிந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்து விசைத்தறிக் கூடங்களுக்கு மும்முனையும் உண்டு, 2006 முதல் இலவச யூனிட்டும் உண்டு. 2021 பிப்ரவரியில் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மும்முனை என்று அன்றைய முதல்வர் அறிவித்தார். அதே வருஷம் ஆட்சி மாறிய பிறகு ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் தரும் திட்டம் துவங்கியது. காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது நல்ல காரியம்தான். அந்தப் பட்டியலில் பெயர் வர முதலில் கிணறு வேண்டும்.

அத்தை மகனின் மனுவுக்கு மதிப்பீடு வந்தது. ஊர்க் கோடிக் கம்பத்திலிருந்து இரண்டு கம்பிகளைக் கூடுதலாக இழுக்க வேண்டும், நடுவில் சாய்ந்திருக்கும் இரண்டு கம்பங்களை மாற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரில் பளு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவில் அவன் பங்காகச் சொன்ன தொகை மாவு மில் யந்திரத்தின் விலையை நெருங்கியது. காலனிக்கு மொத்தமாக மும்முனை லைன் கேட்டு, அறுபது வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, இன்னொரு மனு எழுதிக் கொடுத்தேன். அது பரிசீலனையில் இருக்கிறது. இடையில் அவன் காத்திருக்க முடியாமல் ஊர்த் தெருவில், ஒரு தோட்டத்துக்காரர் பழைய தறி ஓட்டிய கொட்டகையை வாடகைக்குப் பிடித்துவிட்டான். அங்கே மூன்று பேஸும் முன்பே இருக்கிறது. அந்தத் தோட்டத்தில்தான் தாத்தா வால் தைத்தார். மில் நன்றாக ஓடுகிறது. எங்கள் தெருப் பெண்கள் ராகியையும் மிளகாயையும் சுமந்துகொண்டு அங்கே அரைக்கப் போகிறார்கள். மாத வாடகை நாலாயிரம், கரண்ட் பில் தனி.